கடலடியில் இடமறிதல்: கொட்டியாரக் குடாவை முன்வைத்து ஒரு கேத்திரகணித விளக்கம்

திருகோணமலையிலிருந்து கடலுக்குச் செல்லும் மீனவர் தாம் நிற்கும் இடத்தை அறிவதற்குத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்ட முறை மிக எளியது. கரையில் முன்னும் பின்னுமாக அமைந்த இரண்டு அடையாளங்கள், கோணேசர் மலையின் முனையும் அதற்கப்பால் தெரியும் ஒரு குன்றும் என வைத்துக்கொள்வோம், ஒன்றையொன்று மறைக்கும்படி தோன்றினால், வள்ளம் அவ்விரண்டையும் இணைக்கும் நேர்கோட்டின் நீட்சியிலே நிற்கின்றது. வேறொரு திசையில் இத்தகைய இன்னோர் இணை கிடைக்குமாயின் மற்றொரு கோடு கிடைக்கும். இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே வள்ளத்தின் இடம். மீன் கூடும் பாரும், வலை கிழியும் பாறையும் இவ்வாறே நினைவில் இருத்தப்பட்டன. எழுத்தில் வராத, ஆயினும் குறைவற்ற கேத்திரகணிதம் இது. திருகோணமலை என்னும் பெயரை முக்கோணத்தோடு இணைத்துப் பொருள் கூறுவோரும் உளர். அச்சொல்லாய்வு எத்தகையதாயினும், அவ்வூர் மீனவர் முக்கோணத்தை அறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

இன்று கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி வள்ளங்களிலே இடம்பெற்றுவிட்டது. ஆயினும் தத்துவம் மாறவில்லை. மலைமுனைக்குப் பதிலாக வானிலே செய்மதிகள். கோடுகளுக்குப் பதிலாகக் கோளங்கள். இடம் தெரிந்த பொருள்களிலிருந்து நாம் எவ்வாறு அமைந்துள்ளோம் என்பதைக் கொண்டு நம் இடத்தைத் துணிகின்றோம்.

இந்த வசதி முழுவதும் நீர்மட்டத்தோடு முடிந்துவிடுகின்றது. செய்மதியின் வானொலியலைகள் கடல்நீரிலே ஊடுருவ மாட்டா. ஆளின்றித் தானே இயங்கும் நீரடிப் பொறியொன்று அமிழ்ந்த கணத்திலிருந்து அதற்கு மலையும் இல்லை, செய்மதியும் இல்லை. எத்திசையில், எவ்வேகத்தில், எவ்வளவு நேரம் சென்றேன் என்று எண்ணி எண்ணியே தன் இடத்தை அது கணிக்க வேண்டும். பழைய மாலுமிகள் கரை காணாக் கடலிற் செய்ததும் இதுவே. இதனைக் கணிப்புச் செலவு என்போம். இக்கணிப்பில் எழும் பிழையை எவ்வாறு அளப்பது, எந்த வடிவிலே அளப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள். பிழையின் அளவைவிட அதன் வடிவமே முக்கியமானது என்பதைக் காட்ட முயல்வேன்.

குடாவும் பள்ளத்தாக்கும்

இவ்வினா திருகோணமலையில் ஏன் கூர்மை பெறுகின்றது என்பதை அவ்விடத்தின் அமைப்பே உணர்த்தும். நாற்புறமும் நிலத்தால் அணைக்கப்பட்ட உள்துறைமுகம். அதன் தெற்கே விரிந்த கொட்டியாரக் குடா. குடாவின் தென்கரையில், மூதூர்ப் பக்கமாக, 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை கடலோடு கலக்கின்றது. குடாவுக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று கிழக்கு நோக்கிச் சரிந்து, 3000 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தை அடைகின்றது. கரைக்கு இத்துணை அண்மையில் இத்துணை ஆழம் இருப்பதனாலேயே திமிங்கிலங்கள் இக்கரையோரம் காணப்படுகின்றன. பேரரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக இத்துறைமுகத்தை நாடியதற்கும் அதன் ஆழம் ஒரு காரணமாயிற்று. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இதனைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1957 வரை இங்கே கடற்படைத் தளம் வைத்திருந்தனர்.

செங்குத்தான பள்ளத்தாக்கை அளக்கும் பொறிக்கு இடப்பிழை என்பது வெறும் இடப்பிழையாக நின்றுவிடுவதில்லை. கடலடி 30 பாகை சாய்ந்திருக்குமிடத்தில், சரிவின் திசையில் 70 மீற்றர் தவறிய அளவீடு ஏறத்தாழ 40 மீற்றர் ஆழப்பிழையாக உருமாறுகின்றது. தட்டையான கடலடியில் மன்னிக்கப்படும் தவறு இங்கே படத்தையே கெடுத்துவிடும். 70 மீற்றர் தவறுவதற்கு நான்கு கிலோமீற்றர்ச் செலவிலே திசைகாட்டி ஒரு பாகை பிசகினாற் போதும்.

ஒலியைத் துணைகொள்ளலாம் என்பர். நீரிலே ஒலி விநாடிக்கு 1500 மீற்றர் அளவில் நெடுந்தூரம் செல்லும். ஒலி வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தாய்க்கலத்திலிருந்து பொறி எவ்வளவு தூரத்தில் உள்ளது எனக் கணிக்க முடியும். கப்பல்களும் ஆய்வாளரும் இம்முறையைப் பெரிதும் கையாளுகின்றனர். ஆயின் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் மகாவலி கொணரும் நன்னீர் குடாவின் மேற்பரப்பிலே படலமாகப் பரவுகின்றது. ஆயிரம் பங்கு நீரில் உப்பு பத்துப் பங்கு குறையுமாயின் ஒலிவேகம் விநாடிக்குப் பன்னிரண்டு மீற்றர் அளவில் குறையும். அந்நீரூடாகவே நான்கு கிலோமீற்றர் வரும் ஒலி 30 மீற்றருக்கு மேற்பட்ட தூரப்பிழையைத் தரும். ஆகவே எந்த ஓர் அளவீட்டையும் முழுதாக நம்பவியலாது, முழுதாகத் தள்ளவுமியலாது.

பிழையே அளவீடாதல்

இலங்கைக்குக் கிழக்கேயுள்ள கடலில் இத்தகைய பொறிகள் இயங்கியமைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. 2016ஆம் ஆண்டு சூன், சூலை மாதங்களில் இந்திய, பிரித்தானிய ஆய்வாளர் கூட்டாக நடத்திய 'பொபிள்' என்னும் வங்காள விரிகுடா ஆய்விலே, 'சிந்து சாதனா' என்ற இந்திய ஆய்வுக்கப்பலிலிருந்து கிளைடர் எனப்படும் நீரடிப் பொறிகள் வடக்கு 8 பாகை அகலக்கோட்டை ஒட்டி இறக்கப்பட்டன. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் நடைபெற்ற 'அசிரி' என்னும் ஆய்வுத்திட்டத்தில் அமெரிக்க நிறுவனங்களோடு இலங்கையின் நாரா நிறுவனமும் பங்குகொண்டது.

கிளைடருக்குச் சுழலும் விசிறி இல்லை. தன் மிதப்பைச் சிறிது கூட்டியும் குறைத்தும் அது அமிழ்ந்தெழுகின்றது. சிறகுகள் அந்த ஏற்றவிறக்கத்தை முன்னோக்கிய நகர்ச்சியாக மாற்றுகின்றன. ஐம்பது கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட திணிவு. கிடைவேகம் விநாடிக்கு ஏறத்தாழக் கால் மீற்றர். ஆயிரம் மீற்றர் ஆழம்வரை சென்று மீள ஐந்து மணித்தியாலம் எனக் கொண்டால், ஒரு முழுக்கில் நாலரைக் கிலோமீற்றர் செல்லும். மேலே வந்ததும் செய்மதியிடம் தன் இடத்தை வினவும். கணித்த இடம் ஒன்று, வந்துசேர்ந்த இடம் வேறொன்று. விநாடிக்குப் பத்துச் சென்ரிமீற்றர் நீரோட்டம் ஐந்து மணித்தியாலத்தில் 1800 மீற்றர் இழுத்துச் சென்றிருக்கும். இவ்விடைவெளியை முழுக்கின் காலத்தால் வகுத்தால், கிளைடர் கடந்த நீர்த்திரளின் சராசரி ஓட்டம் கிடைக்கின்றது! பருவக்காற்றோடு இலங்கையின் தெற்கைச் சுற்றி வங்காள விரிகுடாவினுள் நுழையும் நீரோட்டத்தை ஆய்வதற்கு இது பெருந்துணை. பொறியின் பிழையென்று நாம் கருதியது கடலின் செய்தியாக மாறிவிடுகின்றது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவ்விடைவெளியில் நீரோட்டத்தின் பங்கு எவ்வளவு, திசைகாட்டியின் பிசகு எவ்வளவு என்று பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிடின் நாம் படமாக வரைவது கடலையன்று, நம் கருவியின் கோணலையே.

வடித்தல் என்பது யாது?

ஐயத்துக்குரிய பல அளவீடுகளை அவற்றின் நம்பகத்துக்கேற்ப நிறையிட்டு இணைத்து, உண்மையை அண்ணிய மதிப்பீட்டைப் பெறுதலே வடித்தல். 1801இல் கண்டு பின் தொலைத்த சீரிசு என்னும் சிறுகோளை மீளக் காணக் காவுசு செய்த கணிப்பும் இந்நெறியினது. 1960இல் றூடோல்வ் கால்மன் வெளியிட்ட வடி, அளவீடுகள் ஒவ்வொன்றாக வந்துசேரும்போதே மதிப்பீட்டைத் திருத்திச் செல்லும் வழியைத் தந்தது. நாசாவின் ஏம்சு ஆய்வுகூடத்தில் சிரான்லி சிமிற் அதனை ஏகபரிமாணமல்லாத இயக்கங்களுக்கும் விரித்தார். சந்திரனுக்குச் சென்ற அப்பலோ கலங்களின் செல்வழி அவ்விரிவினால் கணிக்கப்பட்டது.

எளிய கணக்கொன்று போதும். கணிப்புச் செலவு ஓரிடத்தைத் தருகின்றது. அதன் நியம விலகல் 30 மீற்றர். ஒலியளவீடு வேறோரிடத்தைத் தருகின்றது. அதன் நியம விலகல் 10 மீற்றர். நிறைகள் விலகலின் வர்க்கத்துக்கு நேர்மாறாக அமையும். ஆகவே ஒலிக்கு ஒன்பது பங்கும் கணிப்புக்கு ஒரு பங்கும் கொடுக்கப்படும். இணைத்த மதிப்பீட்டின் விலகல் ஏறத்தாழ ஒன்பதரை மீற்றர். நம்பகம் குறைந்த சாட்சியும் சிறிதளவு உதவவே செய்கின்றது.

இங்கே மறைமுகமாக ஓர் எடுகோள் புகுந்துள்ளது. பிழை என்பது 'மதிப்பீடு கழித்தல் உண்மை' என்றும், தளத்திலே அது ஒரு நீள்வளையமாகப் பரவியிருக்கும் என்றும் கொண்டுவிட்டோம். இடத்துக்கு மட்டும் இது பொருந்தும். திசையும் இடமும் கலந்து வரும்போது பொருந்தாது.

கொட்டியாரக் குடாவின் நடுவே நங்கூரமிட்ட கலமொன்றிலிருந்து பொறியொன்று நேர்கிழக்காக நான்கு கிலோமீற்றர் செல்லுமாறு ஏவப்படுகின்றது எனக் கொள்வோம். சென்ற தூரத்தை அது 20 மீற்றர் விலகலோடு நன்றாக அறியும். திசைகாட்டியோ மலிவானது, கலத்தின் இரும்பும் அதனைக் கலக்கியுள்ளது, திசையின் நியம விலகல் 15 பாகை. பொறி இப்போது எங்கே நிற்கும்? கலத்தை மையமாகவும் நான்கு கிலோமீற்றரை ஆரையாகவும் கொண்ட வட்டவில்லொன்றின் மீது எங்கேனும் நிற்கும். திசை 15 பாகை பிசகியிருந்தால், வடக்கிலோ தெற்கிலோ 1035 மீற்றர் விலகியிருக்கும். கிழக்கே 3864 மீற்றர் மட்டுமே சென்றிருக்கும், அதாவது எதிர்பார்த்ததிலும் 136 மீற்றர் குறைவாக. 30 பாகை பிசகியிருந்தால் இக்குறைவு 536 மீற்றர்.

சாதாரண வடி இந்த வில்லை அறியாது. கிழக்கே 4000 மீற்றரில் மையங்கொண்டு, குறுக்கே நீண்டு, நெடுக்கே வெறும் 20 மீற்றர் விலகலுடைய ஒடுங்கிய நீள்வளையத்தை வரைந்துவிடும். 136 மீற்றர் பின்னால் நிற்கும் பொறி அதன் கண்ணுக்கு ஏழு நியம விலகல்களுக்கு அப்பால் நிற்பது; நிகழவே இயலாதது. ஆனால் செவ்வன் பரம்பலின்படி திசை 15 பாகைக்கு மேல் பிசகுவது மூன்றில் ஒரு தடவை நிகழக்கூடியது. மூன்றிலொரு தடவை நிகழ்வதை இயலாதது என்று தீர்ப்பளிக்கும் வடியை எவ்வாறு நம்புவது?

ஒரு வட்டத்தின் இரு தொடலிகள்

இதனினும் ஆபத்தான நிலையொன்று உண்டு. அந்நங்கூரமிட்ட கலம் ஒலியால் தூரத்தை மட்டும் அறிவிக்கின்றது. நீ நான்கு கிலோமீற்றரில் நிற்கின்றாய் என்ற செய்தி வருகின்றது. இதிலிருந்து தன் திசை பற்றிப் பொறி எதனை அறியலாம்? எதுவுமில்லை. முழுச் செலவையும் கலத்தைப் பற்றிச் சுழற்றினாலும் அதே தூரங்களே கிடைக்கும். எத்தனை தடவை தூரத்தைக் கேட்டாலும் திசை பற்றிய அறியாமை சிறிதும் குறையலாகாது.

சாதாரண வடியிலே அது குறைந்துவிடுகின்றது. வட்டத்தை நேரே கையாளத் தெரியாத வடி, மதிப்பீடு நிற்கும் புள்ளியில் அதற்குத் தொடலியொன்றை வரைந்து, அத்தொடலியையே அளவீடாகக் கொள்கின்றது. அடுத்த அளவீடு வருமுன் மதிப்பீடு சற்று நகர்ந்துவிடும். ஆகவே அடுத்த தொடலியின் சாய்வு வேறாகும். சாய்வு வேறான இரு கோடுகள் வெட்டிக்கொள்வது இயல்பு. வெட்டுப்புள்ளியைக் கண்டதும் வடி தன் இடத்தையும் திசையையும் அறிந்துவிட்டதாக நம்பித் தன் ஐயத்தைச் சுருக்கிக்கொள்கின்றது. மீனவரின் இரு கோடுகள் உண்மையிலேயே இரண்டு. வெவ்வேறு மலைகளிலிருந்து வருபவை. வடியின் இரு கோடுகளோ ஒரே வட்டத்தின் இரு தொடலிகள். ஒரே சாட்சியை இரு வேறு ஆடையில் அழைத்துவந்து இருவர் சாட்சி சொன்னதாகப் பதிவது போன்றது இது.

இது வெறும் கற்பனைக் குறையன்று. 2001இல் யூலியரும் ஊல்மனும், அசையாது நின்று அதே அடையாளங்களைத் திரும்பத் திரும்ப நோக்கும் றோபோவிலும் இத்தகைய பொய்ந்நம்பிக்கை தோன்றுவதைக் காட்டினர். அறியவியலாத திசையில் வடி இல்லாத தகவலைப் பெறுவதே இதற்கு அடிப்படை என்பதைப் பின்னர் 2008 அளவிலே குவாங், மூரிக்கிசு, றூமெலியோற்றிசு ஆகியோர் விளக்கினர். தவறும் பொறியைவிடத் தவறமாட்டேன் என்று நம்பும் பொறியே கெடுதி விளைப்பது. ஐயமுள்ள பொறி மேலே வந்து செய்மதியை வினவும். ஐயமற்ற பொறி பள்ளத்தாக்கின் சுவரை நோக்கிச் செல்லும்.

கூட்டத்தில் அளக்கப்படும் பிழை

மாற்று யாது? பிழையைக் கழித்தலால் வரையறுப்பதை விடுத்து, மதிப்பிட்ட நிலையை உண்மை நிலையோடு பொருத்துவதற்கு எந்த இயக்கத்தைச் செய்ய வேண்டும் என்று கேட்போம். மேலே கூறிய எடுத்துக்காட்டில் விடை மிக எளியது: கலத்தைப் பற்றிய ஒரு சுழற்சி. கிழக்குப் பிழை, வடக்குப் பிழை, திசைப் பிழை என்று மூன்றாகச் சிதறிக் கிடந்தவை ஒரே கோணமாக ஒடுங்கிவிடுகின்றன. அக்கோணத்துக்குச் செவ்வன் பரம்பலைக் கொடுத்தால் வட்டவில் தானே தோன்றும். எவரும் வளைக்க வேண்டியதில்லை. தூரத்தின் சிறுபிழையையும் சேர்த்தால் வில் சற்றுத் தடித்து வாழைப்பழ வடிவம் பெறும். 2012இல் சிரிக்சியானும் அவருடன் பணிபுரிந்த மூவரும் வெளியிட்ட கட்டுரையொன்றின் தலைப்பே வாழைப்பழப் பரம்பல் செவ்வன் பரம்பல்தான் என்ற பொருளுடையது. கணிதக் கட்டுரைகளிலே இவ்வளவு சுவையான தலைப்பு அருமை.

இவ்வாறான இயக்கங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. ஓரியக்கத்தை அடுத்து இன்னோரியக்கம் செய்தால் அதுவும் ஓரியக்கம்; ஒவ்வொன்றுக்கும் அதனை நீக்கும் எதிரியக்கம் உண்டு. இத்தகைய தொகுதியைக் கணிதத்திற் கூட்டம் என்பர். ஆயின் வரிசையை மாற்றினால் விளைவும் மாறும். புத்தகமொன்றைக் கையிலேந்தி, முன்புறமாகக் கால்சுற்றும் பின்னர் வலப்புறமாகக் கால்சுற்றும் திருப்புக. மீண்டும் தொடங்கி, வரிசையை மாற்றித் திருப்புக. புத்தகம் இரு வேறு நிலைகளில் முடிவடையும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இப்பண்பில்லை. ஆகவேதான் சுழற்சிகளைக் கூட்டிக் கழிக்கும் வடிகள் இடறுகின்றன. சுழற்சிகளைப் போன்று தொடர்ச்சியாக மாறும் கூட்டங்களை ஆராய்ந்தவர் நோர்வே நாட்டுக் கணிதர் சோபசு லீ (1842–1899). கூட்டத்தின் வளைந்த பரப்பிலே ஒரு புள்ளியைத் தொடும் தட்டையான தொடலிவெளியில் பிழையை எழுதி, வேண்டும்போது அதனை வளைபரப்புக்குக் கொண்டுசெல்லும் வழியை அவர் கொள்கை தருகின்றது.

2008இல் மகோனி, அமெல், பிலிம்லின் ஆகியோர் சுழற்சிக் கூட்டத்தின்மீதே இயங்கும் எளிய வடியொன்றை அமைத்தனர். சிறிய பறக்கும் பொறிகள் பலவற்றில் அவ்வகை வடி இன்று பயன்படுகின்றது. 2017இல் பரோவும் பொனபெலும் மாறாப்பிழை வடியின் உறுதிப்பாட்டை நிறுவினர். குறித்த சில நிபந்தனைகளை நிறைவுசெய்யும் இயக்கங்களுக்கு, கூட்டத்தில் அளந்த பிழை வளரும் விதம் பொறி சென்ற பாதையைச் சாராது என்பதே அவர்களது முடிபின் சாரம். மதிப்பீடு எங்கே நகர்ந்தாலும் பிழையின் கணக்கு நகர்வதில்லை. நமது எடுத்துக்காட்டிலே, அறியவியலாத திசை எப்போதும் கலத்தைப் பற்றிய அந்த ஒரே சுழற்சியாகவே நிற்கும். தூர அளவீடு அதன்மேல் கைவைக்க முடியாது. பொய்யான வெட்டுப்புள்ளி தோன்றுவதற்கு இடமே இல்லை. ஐயம் குறைய வேண்டுமாயின் உண்மையான இரண்டாவது சாட்சி வேண்டும்: வேறோரிடத்தில் நிற்கும் இன்னொரு கலம், அல்லது மேலே வந்து பெறும் செய்மதிச் செய்தி.

இம்முறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. கைரோஸ்கோப் எனப்படும் சுழற்சிமானி சிறிது சிறிதாகத் தன்போக்கில் விலகிச் செல்லும்; அவ்விலகலையும் மதிப்பிடப் புகும்போது மேற்கூறிய நிபந்தனைகள் முழுமையாக நிறைவேறா. நன்னீர்ப் படலத்தால் ஒலிவேகம் மாறுவதைக் கூட்டக்கொள்கை அறியாது. அதற்கு உப்பையும் வெப்பத்தையும் அளந்தே ஆகவேண்டும். சிறந்த திசைகாட்டி பொருத்திய விலையுயர்ந்த பொறியில் இரு வடிகளுக்குமிடையே பெரிய வேறுபாடு தோன்றாமலும் போகலாம், ஏனெனில் சிறிய கோணத்தில் வில்லும் தொடலியும் ஏறத்தாழ ஒன்றே. மலிவான கருவிகளிலேயே வேறுபாடு பெரிது. விலையுயர்ந்த கருவிகளை வாங்கவியலாத நாடுகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருட்படுத்தத்தக்க செய்தி. நிலாவெளி வீதியில் உள்ள திருகோணமலை வளாகத்து மாணவன் ஒருவன் சாதாரண கணனியிலே, முன்னர்க் கூறிய நான்கு கிலோமீற்றர்க் கணக்கை இரு வடிகளாலும் செய்து ஒப்பிடலாம். கடலில் இறங்கவும் தேவையில்லை.

அளவீடு எவர் கையில்?

கடலை அளத்தல் இங்கே வெறும் கல்வியாக ஒருபோதும் இருந்ததில்லை. கடற்படைத் தளம் இருந்த காலத்தில் இத்துறைமுகத்தின் ஆழங்களை அளந்தவர்களும் அவற்றால் பயன்கொண்டவர்களும் அதனை ஆண்டவர்களே. 2023 ஒக்டோபரில் சீனாவின் 'சி யான் 6' என்ற ஆய்வுக்கப்பல் கொழும்புக்கு வந்தபோது இந்தியா தன் கவலையைத் தெரிவித்தது. 2024 சனவரியிலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக்கப்பல்களை அனுமதிப்பதில்லை என்று இலங்கை அரசு முடிவுசெய்தது. எவர் வரலாம், எவர் வரலாகாது என்ற வாதத்திலே எமக்குக் கிடைக்கும் அளவீடு எத்தகையது என்ற வினா எழுவதில்லை. வெளிநாட்டாருடன் கூட்டாக ஆய்வு நடத்தும்போது ஆழமும் வெப்பமும் உப்பும் அடங்கிய பட்டியல் கைக்கு வந்தால் நிறைவடைந்துவிடுகின்றோம். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் ஓரிடம் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விடம் எந்த வடியினால் பெறப்பட்டது, அதன் ஐயம் எந்த வடிவினது என்பது குறிக்கப்பட்டிராவிடின், சரிவான பள்ளத்தாக்கிலே அவ்வரி ஏறத்தாழப் பயனற்றது. கோணேசர் மலையடியில் 1956இல் மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் மூழ்கிக் கண்ட கோயில் இடிபாடுகளைப் பொறிகொண்டு படமாக்க எவரேனும் முன்வந்தாலும் இதே வினாவை எழுப்ப வேண்டும். அங்கே சில மீற்றர்ப் பிழை தூணொன்றைப் பாறையாக்கிவிடும்.

கேட்க வேண்டியது பெரிதன்று. முப்பரிமாண வெளியில் பொறியின் நிலைக்கு ஆறு கூறுகள் உள: இடத்துக்கு மூன்று, சாய்வுக்கும் திசைக்கும் மூன்று. அவற்றின் ஐயத்தைக் குறிக்கும் சமச்சீர்த் தாயத்தில் வெவ்வேறான எண்கள் 21. ஒவ்வோர் ஆழ அளவீட்டுடனும் அந்த 21 எண்களும், அவை எந்தத் தொடலிவெளியில் எழுதப்பட்டன என்ற குறிப்பும் சேர்த்துத் தரப்பட வேண்டும் என்று உடன்படிக்கையிலே ஒரு வாசகம் சேர்த்தாற் போதும்.